ஊர் வாட்ச்

ஆவரங்கரையில் செல்போன் இல்லாத வீடு இல்லை. ஆடு மேய்க்கப் போகிறவர்கூட மடியில் ஒன்று சொருகியிருப்பார். ஆனாலும் இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷத் தை மாதம் வரைக்கும், வம்பு வரக்கூடிய காரியம் எதுவானாலும் ஊர் கூத்தையாவின் இடது மணிக்கட்டைப் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொண்டது. வெள்ளை முகம், கறுப்பு முள், விளிம்பு மழுங்கிப்போன கண்ணாடி. வார் மட்டும் ஏழெட்டுத் தடவை மாறியிருக்கும். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் கூத்தையா அதற்குச் சாவி கொடுப்பார். இருபத்திரண்டு திருகல். இருபத்துமூன்றாவது திருகலுக்கு இடம் இருந்தாலும் கொடுக்க மாட்டார்.

"அந்த வாட்ச்சு மேல கூத்தையாவுக்கு என்னா ஒரு இது!" என்று ஊரில் சொல்வார்கள். அபிமானம் என்ற வார்த்தை வாயில் வராமல் 'இது' என்று நிறுத்திக்கொள்வார்கள். கூத்தையா தலையைக் குனிந்துகொள்வார். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பேர் கிடைக்கும்.

கண்மாய்த் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டு விடுகிறவருக்கு அந்தப் பக்கத்தில் நீர்ப்பாய்ச்சி என்று பேர். கூத்தையாவின் அய்யா நீர்ப்பாய்ச்சி. அவருக்குப் பிறகு கூத்தையா. மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்த வருஷத்தில் அந்த வேலைக்கு ஒரு மம்பட்டியும் ஒரு ஜோடிக் காலும் போதும். தண்ணீர் தட்டுப்பட்டு, கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாய் வற்றத் தொடங்கிவிட்டால்தான் தலைவலி. அப்போது முறை வைக்க வேண்டும். குறுக்கத்துக்கு இவ்வளவு நேரம், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. குறுக்கம் என்றால் ஏறத்தாழ ஓர் ஏக்கர்.

அந்த நேரத்தை முன்பெல்லாம் நிழலால் அளந்தார்கள். வெயிலில் நின்று, தன் நிழலின் தலை விழுகிற இடத்தை அடையாளம் வைத்து, அதுவரை குதிகாலும் கட்டைவிரலும் தொட நடந்து எத்தனை அடி என்று எண்ணுவது. இத்தனை அடியில் மடையைத் திறந்தால் இத்தனை அடியில் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கணக்கு. எழுபத்துநாலாம் வருஷம் மழை பொய்த்தது. பொய்த்ததோடு நிற்காமல் நாலு நாள் மேகம் வேறு மூடிக்கொண்டு நின்றது. நிழல் இல்லை. மடைக்கரையில் மம்பட்டிகள் ஓங்கின. ஒருத்தர் மண்டை உடைந்த பிறகு ஊர் கூடியது. ஊர்த் தலைவரான அம்பலம் செல்லச்சாமி, "நிழலும் வேணாம் ஒரு மயிரும் வேணாம். ஒரு வாட்ச்ச வாங்கி நீர்ப்பாய்ச்சி கையில கட்டிவிடுவோம்" என்றார்.

தேவிபட்டினத்தில் சதக் பாயின் கடை. கொழும்பிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் டார்ச், குடை, சென்ட் பாட்டிலோடு வாட்ச்சும் கிடைக்கும். அம்பலமும் இன்னும் நாலு பேரும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய் வாங்கி வந்தார்கள். பிள்ளையார் முன்னால் வைத்துச் சூடம் காட்டி, இருபத்தாறு வயதுக் கூத்தையாவின் கையில் கட்டினார்கள். கூத்தையா ஐந்தாவது வரை படித்தவர். முள் பார்க்கத் தெரியும். அது ஊர் வாட்ச். அவர் கை அதற்கு ஓர் ஆணி, அவ்வளவுதான்.

கட்டுப்பாடு வைத்தார்கள். மடை திறக்கும்போதும் மாற்றும்போதும் வாட்ச்சை இரண்டு பேர் கண்ணில் காட்ட வேண்டும். நீர்ப்பாய்ச்சி பயிரிட்டிருந்தால் அவன் வயலுக்குக் கடைசித் தண்ணீர். சாயங்காலம் ஐந்து மணிக்கு, யார் வயல் காய்ந்தாலும், மடையை அடைத்துவிட வேண்டும், அடித்தண்ணீர் ஆடுமாட்டுக்கு.

ஒன்பது வருஷம் எந்த வம்பும் இல்லை.

எண்பத்துமூன்றாம் வருஷம் மாசி. கண்மாயில் தண்ணீர் மடைவாய்க்குக் கீழே இறங்க இன்னும் ஒரு நாள்தான் என்று கண்ணுக்கே தெரிந்தது. அன்றைக்குக் கடைசி முறை. கடைசிக்கு முந்தின வயல் கருத்தம்மாளுடையது. இரண்டு குறுக்கம், நாற்பது நிமிஷம். அதற்கு அடுத்து, வாய்க்கால் முடிகிற இடத்தில், கூத்தையா பங்கு வாரத்துக்குப் பிடித்திருந்த ஒரு குறுக்கம். இருபது நிமிஷம். நாலு மணிக்குக் கருத்தம்மாள், நாலே நாற்பதுக்குக் கூத்தையா, ஐந்துக்கு மடை அடைப்பு.

கருத்தம்மாள் கூத்தையாவுக்கு மதினி முறை. புருஷன் பாம்பனில் கருவாட்டுக் கிடங்கில் சுமை தூக்கிக்கொண்டிருந்தான். மாசத்துக்கு ஒரு தரம் வருவான். வெள்ளாமை முழுக்க அவள் பாடு. வாய் கொஞ்சம் அதிகம்.

"கொழுந்தனாரே, கையில கட்டுனதுல நேரம் ஓடுதா, இல்ல ஒங்களமாரி ஒக்காந்து வெத்தல போடுதா?"

"ஓடுது மதினி. நாலு மணி. பாத்துக்கங்க."

"நான் எங்க பாக்க? எனக்கு அதுல ரெண்டு எறும்பு ஊர்றதுதான் தெரியுது. அம்பலத்துக்கிட்டக் காட்டுங்க."

செல்லச்சாமி பார்த்தார். இன்னொருவரும் பார்த்தார். மடை மாற்றப்பட்டது. கூத்தையா தன் வயலைப் பார்க்க நடந்தார்.

கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற சமயம். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் மணிக்கட்டு வரைக்கும் போனது, வாட்ச் தடுக்கும் வரை. வீட்டில் சண்முகவள்ளிக்கு ஆறு மாசம். இருபது நிமிஷத் தண்ணீர் அந்த வெடிப்புகளுக்கே போதாது. காரணம் சொல்ல வேண்டுமென்றால் இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். பிற்பாடு எத்தனையோ நாள் அவர் மனசுக்குள் அடுக்கிப் பார்த்திருக்கிறார். எதுவும் நின்றதில்லை. கருத்தம்மாள் வயலும் அப்படித்தானே வெடித்திருந்தது.

வயல் கோடியில் ஒற்றைப் பனை. அதற்குப் பின்னால் போய் நின்றார். சாவியை நகத்தால் இழுத்தார். ஒரு சின்னச் சொடுக்குச் சத்தம். பெரிய முள்ளைப் பன்னிரண்டு நிமிஷம் முன்னால் தள்ளினார். சாவியை அமுக்கினார். வாட்ச் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. அவர் திரும்பி மடைக்கு வந்தபோது அதில் நாலு முப்பத்தெட்டு.

"ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார். தன் குரல் தன் குரலாகவே இருந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

நாலு நாற்பது. செல்லச்சாமி பார்த்தார், தலையை ஆட்டினார். கருத்தம்மாள் வயல் வாமடையை மண் போட்டு அடைத்து, தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினார். மம்பட்டி மண்ணில் இறங்கிய அதே நேரம், "இருங்க, இருங்க" என்று ஒரு சத்தம்.

கருத்தம்மாள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். சும்மாட்டுத் துணியை எறிந்துவிட்டு, விறைப்பாக, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நிழல் தலை விழுந்த இடத்தில் ஒரு வைக்கோலைக் குத்திவிட்டு அடி வைத்து எண்ணினாள். முடித்து நிமிர்ந்தாள்.

"பதிமூணுதான் வருது கொழுந்தனாரே. பதினஞ்சு வரணும்."

"என்னத்த பதினஞ்சு?"

"போன முறைக்கும் நாலு மணிக்குத்தான தொறந்தீக? அப்ப பத்தடி. அடைக்கையில பதினஞ்சு. நான் அளந்தேன். இன்னைக்கும் பத்துலதான் தொறந்தீக. இப்ப பதிமூணுதான் இருக்கு. ரெண்டு அடி கொறையுது."

கூத்தையா மம்பட்டியை ஊன்றிக்கொண்டார். சொல்லிவிடலாம். 'முள்ளு நழுவியிருக்கும் போல' என்றாவது சொல்லி, மண்ணை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடலாம்.

செல்லச்சாமி சிரித்தார். "ஏத்தா, சூரியனுக்கே சாவி குடுக்கப் போறியா?"

அவ்வளவுதான். கூட்டம் முழுக்கச் சிரித்தது. "காலு வளந்துருச்சோ என்னமோ!" "புருசங்காரன் பாம்பன்ல இருந்து புது அடி அனுப்பிச்சானாத்தா?" கருத்தம்மாள் இன்னொரு தரம் அளக்கப் போனாள். "அங்கன பாரு, அடியளந்தா!" என்று யாரோ கத்தினார்கள். அவள் பாதி அடியில் நின்றுவிட்டாள். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல.

கூத்தையாவும் சிரித்தார். முழுச் சிரிப்பு இல்லை, ஆனால் சிரித்தார். முள்ளைத் தள்ளியதை எப்படியோ விழுங்கிவிட்ட மனசு, இந்தச் சிரிப்பை மட்டும் கடைசிவரை விழுங்கவேயில்லை.

பிறகு பனைக்குப் போய், முள்ளைப் பன்னிரண்டு நிமிஷம் பின்னால் இழுத்தார். அப்படி இழுக்காவிட்டால் ஐந்து மணி முன்னதாகவே வந்துவிடும். திருடியது கைக்குக் கிடைக்காது. அவர் வயலுக்கு முப்பத்திரண்டு நிமிஷம் தண்ணீர் பாய்ந்தது. சரியாக ஐந்துக்கு மடையை அடைத்து, இரண்டு பேரிடம் வாட்ச்சைக் காட்டினார்.

பங்குனி அறுப்பில் கருத்தம்மாளின் மேல்குறுக்கம் தேறியது. கீழ்குறுக்கம் தேறவில்லை. களத்தில் அவள் தூற்றும்போது கூத்தையா தள்ளி நின்று பார்த்தார். சுளகிலிருந்து விழுந்ததைவிடக் காற்றோடு போனது அதிகம். பதர் பறந்து வந்து அவர் முழங்கை மயிரில் ஒட்டியது. தட்டிவிடவில்லை.

"எம் மண்ணுதான் சரியில்ல கொழுந்தனாரே" என்றாள், அவர் கேட்காமலே. "மேல்குறுக்கம் குடிக்கிற அளவு குடிச்சா இதுக்குப் பத்த மாட்டேங்குது. குடிகார மண்ணு. வாட்ச்சு என்ன செய்யும், பாவம்."

அந்த வருஷம் சண்முகவள்ளி ஒரு பையனைப் பெற்றாள். வீட்டில் நெல் இருந்தது.

ஊரில் கருத்தம்மாள் என்று இரண்டு மூன்று பேர் உண்டு. அடையாளம் சொல்ல முன்பெல்லாம் 'பாம்பன்காரன் பொண்டாட்டி' என்பார்கள். அதற்குப் பிறகு 'அடியளந்தா' என்றே ஆகிவிட்டது. ரேஷன் கடை வரிசையில், கோவில் பொங்கலில், எழவு வீட்டில். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் அது ஏதோ சாமி பேர் என்று நினைத்துக்கொண்டார்கள். கூப்பிட்டால் அவளும் திரும்பினாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் வெயிலில் நின்று நிழலைப் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை. வரப்பில் வரும்போதே தூரத்திலிருந்து கேட்பாள்: "மணி என்ன கொழுந்தனாரே?" அவர் சொல்வார். "சரி" என்பாள். முன்பு சொன்ன எறும்புக் கதை எதுவும் சொல்வதில்லை.

கூத்தையா அந்தப் பங்குனியிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் தேவிபட்டினத்துக்குப் போவார். சதக் பாய் கடையில் சிலோன் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். மணிச் சத்தம் வரும்போது வாட்ச்சைக் காதருகே வைத்துக்கொண்டு நிற்பார்.

"என்ன நீர்ப்பாய்ச்சி, அரை நிமிஷத்துக்காவா பஸ்ஸு ஏறி வாரீரு? இங்க கடல்ல நவக்கெரகம் கும்புட வாரவங்ககூட அரைமணி முன்னபின்னதான் வாராங்க."

"இருக்கட்டும் பாய்."

"கொழும்புல ஒரு வெள்ளக்காரன் இப்புடித்தான் இருந்தான்னு எங்க வாப்பா சொல்லுவாக. பைத்தியமாகிச் செத்தானாம்."

பாய்க்கு விளையாட்டு. கூத்தையா அரை நிமிஷத்தைச் சரிசெய்ய முள்ளைத் தொடமாட்டார். பாயையே திருப்பச் சொல்வார். அந்தச் சாவியை இழுக்கிற சொடுக்குச் சத்தத்துக்கு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

இதெல்லாம் ஊருக்குப் பரவியது. 'வாரா வாரம் தேவிபட்டினத்துல போயி நேரம் வச்சிட்டு வாரான்யா.' அதனால் ஊர் வாட்ச்சின் மதிப்பு ஏறியது. பொய்யை மறைக்க ஓடிய ஓட்டம் அவருக்கு உண்மைக்காரன் என்ற பேரைச் சம்பாதித்துக் கொடுத்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் மஞ்சுவிரட்டுக்குக் கொடி அசைக்க அவரைக் கூப்பிட்டார்கள்.

தொண்ணூற்றைந்தில் கருத்தம்மாள் மகள் உலகம்மாளுக்குக் கல்யாணம். அதற்காகக் கீழ்குறுக்கத்தைச் செல்லச்சாமிக்கே கொடுத்துவிட்டாள். "குடிகார மண்ணு, போனாப் போகுது" என்று கேட்ட விலைக்குக் கொடுத்தாள். பத்திரம் எழுதிய அன்றைக்குக் கூத்தையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

முகூர்த்தம் ஏழு பதினைந்துக்குள். மணவறைப் பக்கத்தில் அவரை ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தாள் கருத்தம்மாள். "மாப்பிள வீட்டுக்காரக ஆளுக்கொரு நேரம் சொல்லுதாக. ஒருத்தன் கையில பொத்தான் அமுக்குனா லைட்டெரியிற வாட்ச்சு கட்டியிருக்கான். அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க சொன்னாத்தான் தாலி."

மேளக்காரர் முதல் மாப்பிள்ளை வரை அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூத்தையா வாட்ச்சைப் பார்த்தார். கண்ணாடியில் தன் முகம் வளைந்து தெரிந்தது. முகத்தின் மேல் முள் ஓடியது. "இப்ப கட்டலாம்" என்றார். கெட்டிமேளம் அடித்தது. அவர் எழுந்து பந்தலுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

அவர் மகன் வளர்ந்து துபாய்க்குப் போனான். முதல் வரவில் ஒரு கறுப்பு டிஜிட்டல் வாட்ச் கொண்டு வந்தான். "அய்யா, சாவியே குடுக்க வேணாம். பத்து வருசத்துக்குப் பேட்டரி. நம்பராவே காட்டும்." கூத்தையா அதை வாங்கி மாடத்தில் வைத்தார். அது அங்கேயே கிடந்து இருட்டில் தன்பாட்டுக்கு நம்பர் மாற்றிக்கொண்டிருந்தது. அடுத்த வரவில் செல்போன். "அய்யா, இதுல டவர்லயே நேரம் வரும். தப்பே ஆவாது." அதைச் சண்முகவள்ளி எடுத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த ஓட்ட வாட்ச்ச எதுக்குய்யா கட்டிக்கிட்டு அலையிறீங்க?" என்று மகன் கேட்டான்.

"பழகிப்போச்சு" என்றார்.

அது பொய். பழகியிருந்தால் கழற்றியிருப்பார்.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் புயல். ராமேஸ்வரம் பக்கமெல்லாம் வெள்ளம். ஆவரங்கரைக் கண்மாயும் நிரம்பி, ஒரு ராத்திரியில் கரை உடைத்துக்கொண்டது. கரையைக் கட்டி முடித்தபோது அரைக் கண்மாய்தான் மிச்சம். தை கடைசியில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் முறை வைக்க வேண்டி வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தரமாக.

முறை தொடங்குகிற அன்று காலையில் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார் கூத்தையா. சண்முகவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இந்தா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அந்த மதினி இன்னைக்கு வருமில்ல, தண்ணிக்கு?"

விரல் நின்றது. பதினேழாவது திருகலா பதினெட்டாவதா என்று மறந்துபோனது.

"நான் அன்னைக்கு ஒங்களுக்குக் கஞ்சி கொண்டாந்தேன்" என்றாள் அவள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பனைக்கு அங்கிட்டு வரப்புல வந்துக்கிட்டு இருந்தேன். நீங்க சாவிய இழுத்தீங்க. எதுக்குன்னு அப்ப வெளங்கல. அடுப்படிக்கு வந்தப்பறந்தான் வெளங்குச்சு."

இருபத்தாறு வருஷம். ஒரே தலையணை உறையை இரண்டு பேரும் துவைத்துப் போட்டுக்கொண்ட வருஷங்கள்.

"ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? அந்தச் சோத்த நானுந்தான தின்னேன்." காம்பு ஒன்றைக் கிள்ளி எறிந்தாள். "ஆனா இந்த மனுசன் ஒருநாளு சொல்லுவாருன்னு நெனச்சேன். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும், பாயிகிட்டப் போயி வந்ததும், நேரா அந்த வீட்டுக்குப் போவீகன்னு நெனச்சேன்."

கூத்தையா வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, மம்பட்டியை எடுத்துக்கொண்டு, கஞ்சி குடிக்காமலே இறங்கிப் போனார்.

மடைக்கரையில் சாயங்காலம் ஏழெட்டுப் பேர். செல்லச்சாமி போய்ச்சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. இப்போது அவர் மகன் பூமிநாதன். அவருடைய முறை முடிந்து, அடுத்துக் கருத்தம்மாளின் ஒரு குறுக்கத்துக்கு இருபது நிமிஷம். அதற்கு அடுத்த சின்னச்சாமி கையில் செல்போனை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"பூமிநாதா, ஒன் நேரம் முடிஞ்சு மூணு நிமிசமாச்சு. நாலு மூணு இங்க."

"ஒன் செல்லு சீனாக்காரன் செல்லு. எனக்கு மூணு அம்பத்தெட்டு."

"எனக்கு மூணு அம்பத்திரெண்டு" என்றார் இன்னொருவர். "ஆனா எனக்குப் போன வாரம் பேட்டரியக் கழட்டி மாட்டுனது."

"டவரு நேரம்ங்கறான், அவனவன் டவரு அவனவன் மடியிலல்ல இருக்கு!"

சிரிப்பு. பூமிநாதன் கையை உயர்த்தினார். "எதுக்குய்யா வம்பு? ஊர் வாட்ச்சு இருக்குல்ல. பெரியவரே, பாத்துச் சொல்லுங்க. இது எங்க அய்யா காலத்துல இருந்து ஒருநாளும் பொய் சொன்னதில்ல."

வரப்பில் கருத்தம்மாள் ஏறி வந்துகொண்டிருந்தாள். முதுகு வளைந்திருந்தது. கையை முழங்காலில் ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள். "ஆமா, செல்லெல்லாம் வேணாம். வாட்ச்சுதான் சரி" என்றாள். "நான் ஒருதரம் அதச் சந்தேகப்பட்டு ஊரு சிரிச்சது போதும். மணி என்ன கொழுந்தனாரே?"

கூத்தையா வாட்ச்சைப் பார்த்தார். நாலு ஆக இரண்டு நிமிஷம் இருந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"அன்னைக்கு இந்த வாட்ச்சு தப்பு மதினி."

"என்னைக்கு?"

"எண்பத்துமூணுல. நீங்க அடி அளந்தீகளே. அன்னைக்கு வாட்ச்சுலதான் கோளாறு. நீங்க சொன்னதுதான் சரி."

சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது, மறுபடியும் திருடுகிறோம் என்று. இந்த முறை பழியைத் தூக்கி வாட்ச்சின் தலையில் வைத்துக்கொண்டிருந்தார்.

கருத்தம்மாள் சிரித்தாள். "போங்க கொழுந்தனாரே. வயசான காலத்துல எனக்கு ஆறுதல் சொல்லுதீகளாக்கும்? அது நல்ல வாட்ச்சு. எம் மகளுக்குத் தாலி கட்டச் சொன்ன வாட்ச்சு. அதப் போயிக் கொற சொல்லாதீக."

வாட்ச்சுக்காக அவள் பரிந்து பேசினாள். கூத்தையா மம்பட்டியைக் கீழே போட்டார். வாரை அவிழ்த்தார். எல்லோரும் பார்க்க, நகத்தால் சாவியை இழுத்தார். சொடுக்கென்றது. பெரிய முள்ளை முன்னால் தள்ளினார்.

"இப்படித்தான். வாட்ச்சு இல்ல, நானு. அந்தப் பனைக்குப் பின்னால நின்னு தள்ளுனேன். ஒங்க தண்ணிய என் வயலுக்கு வெட்டிவிட்டேன். பொறகு திருப்பி வச்சிட்டேன்."

பூமிநாதன்தான் முதலில் பேசினார்: "விடுங்க பெரியவரே, அது பழங்கத. அவக அவக செஞ்சத எல்லாம் இன்னைக்குச் சொல்ல ஒக்காந்தா விடிஞ்சிரும். வாட்ச்சச் சரியா வச்சுக் கட்டுங்க. தண்ணி வீணாப் போகுது பாருங்க."

சின்னச்சாமி, "கெழவனுக்கு வெயிலு தலைக்கேறிருச்சு" என்றார் மெதுவாக.

கருத்தம்மாள் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன நிமிசம்?"

"பன்னெண்டு."

அவள் விரலை மடக்கினாள். உதடு அசைந்தது. "ரெண்டு அடி" என்றாள். யாரிடமும் இல்லை, தனக்கே.

பிறகு திரும்பி, வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் பார்த்தாள். பூமிநாதனின் நெல் அங்கே இடுப்பளவு நின்று, கதிர் சாய்த்து, காற்றில் அலையடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் அவளுடைய கீழ்குறுக்கம்.

"அப்ப அந்த மண்ணு மேல தப்பில்ல" என்றாள்.

கூத்தையா அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். மண்ணை வாரி எறிந்திருந்தால்கூட ஏந்திக்கொண்டிருப்பார். அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். துடைத்த பிறகு அவள் குரலில் கொழுந்தனார் இல்லை.

"எம் முறைய நானே அளந்துக்கிறேன். அத மடியில வையி."

வைத்தார்.

"எனக்குக் கூனு விழுந்துருச்சு. எந் நிழலுக்குக் கணக்கு வராது. அப்பல்லாம் நீயும் நானும் ஒரே ஒசரம். இங்கன வந்து நில்லு."

அவள் காட்டிய இடத்தில், வரப்பின் மேல், வெயிலுக்கு முதுகைக் கொடுத்து கூத்தையா நின்றார். நிழல் கிழக்கே நீண்டு விழுந்தது. கருத்தம்மாள் செருப்பைக் கழற்றினாள். அவர் குதிகாலிலிருந்து தொடங்கி, ஒரு கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, அடிமேல் அடியாக வைத்து எண்ணினாள். ஏழு. எட்டு. ஒன்பது. யாரோ ஒருவர் "அடியள..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பத்து" என்றாள். "தொறங்க."

கூத்தையா தன்னையறியாமல் மம்பட்டிக்குக் குனியப் போனார்.

"அசையாத. வேற யாராச்சும் வெட்டுங்க."

பூமிநாதன் மம்பட்டியை எடுத்தார். தண்ணீர் அவள் வயலுக்குள் திரும்பியது. கருத்தம்மாள் பத்தாவது அடிக்கு அந்தப்பக்கம் இன்னும் இரண்டு அடி எண்ணி, அங்கே ஒரு வைக்கோலைக் குத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாலு மணி நிழல் மெதுவாகத்தான் நீளும், இருபது நிமிஷத்துக்கு இரண்டு அடிதான். நிழலின் தலை அங்கே போய்ச் சேர வேண்டும்.

முதுகில் வெயில் காய்ந்தது. வரப்பில் நின்றவர்கள் முதலில் அவரைப் பார்த்தார்கள், பிறகு நிழலைப் பார்த்தார்கள், பிறகு பேச ஆரம்பித்தார்கள். மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் வெளுத்து, ஈரமாக, தோல் உரித்தது போல இருந்தது. மற்றக் கையால் அதை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடினால் நிழல் அசையும். மடியில், வயிற்றைத் தொட்டுக்கொண்டு, வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது அவருக்கு. இத்தனை வருஷத்தில் இப்படி ஓர் ஆசை வந்ததில்லை. சின்னதாகத் தலையைத் திருப்பினார்.

"இன்னும் வரல" என்றாள் கருத்தம்மாள், வைக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நில்லு."